பதினாலாம் நம்பரின் இரண்டு விரல்கள்

முதல் செவ்வாய்க்கிழமையே ரெனாத்தா ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையை உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இதைப் பாருங்கள் என்றாள்.

சிலே நாட்டில், ஊரே திராட்சையில் பிழைக்கிற அகொங்காகுவா பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும், இல்லையென்றால் தலைநகர் சாந்தியாகோவில் பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். ரெனாத்தாவுக்கு இரண்டாவது பொருந்தும். இருபத்தெட்டு வயது, மனநலப் படிப்பு, ஊர்ச் சுகாதார நிலையத்தில் சேர்ந்து மூன்று மாதம். மனச்சோர்வுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால் அது அடுத்த குளிர்காலத்தில் திரும்பி வருகிறது, எட்டு வாரம் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து மூச்சையும் உடம்பையும் கவனிக்கப் பழகினால் ஒரு பிடி கிடைக்கும் என்று மேலிடத்தில் மல்லுக்கட்டி, ஊர் மன்றத்துக் கூடத்தை வாங்கியிருந்தாள். நல்ல பெண்தான். ஆனால் வட்டமாகப் போட்ட ஒன்பது நாற்காலிகளில் ஏழில் உட்கார்ந்திருந்தவர்கள் திராட்சைக் கொட்டகையில் இடுப்பொடிந்தவர்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எடெல்மிராவின் விரல்கள் எடெல்மிராவைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. திராட்சை உள்ளங்கையில் விழுந்ததுமே கட்டைவிரலும் சுட்டுவிரலும் அதைப் பிடித்து, காம்பைக் கிள்ளி, ஒரு புரட்டுப் புரட்டி, ஓரத்தில் கருகலைக் கண்டு, இடப்பக்கம் வீசிவிட்டன. அது பக்கத்து நாற்காலி நிக்கனோரின் மடியில் போய் விழுந்தது. நிக்கனோர் முப்பது வருடம் பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே படுக்கையை விட்டு எழ முடியாமல் போன மனிதர்.

"ரெண்டாந்தரமெல்லாம் என் பக்கம்தான் வரும், பழகிப்போச்சு" என்றார் அவர்.

பெண்கள் சிரித்தார்கள். ரெனாத்தாவும் சிரித்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் நொடியில் பறந்தது. மூன்றாவதைக் கொடுக்கும்போது, அவசரமே இல்லை, உங்கள் முழுக் கவனத்தையும் இந்த ஒரு திராட்சைக்குக் கொடுங்கள் என்றாள். எடெல்மிரா நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"கொடுத்தேன் டாக்டரம்மா. பத்தொன்பது வருஷம் முழுக் கவனத்தையும் இதுக்குத்தான் கொடுத்தேன். அப்படிக் கொடுத்ததாலதான் என் கொமாத்ரே செத்துப்போனா."

சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அந்த கொமாத்ரேயின் பெயர் ஒவிடியா. ஒருத்தி பெற்ற பிள்ளையை இன்னொருத்தி ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தினால் இருவரும் அன்றுமுதல் கொமாத்ரே; கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேல். ஒவிடியாவின் மகன் எலிசேயோவை ஏந்தியவள் எடெல்மிரா. இருவரும் ஒரே கொட்டகையில் ஒரே பெல்ட்டில் வேலை பார்த்தார்கள். ஓடும் பெல்ட்டில் கொட்டிய திராட்சையிலிருந்து காம்பு, கல், கருகல் எல்லாவற்றையும் பொறுக்கி வீசுகிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒவிடியா பதின்மூன்றாம் நம்பர், எடெல்மிரா பதினாலு. பெல்ட் ஒவிடியாவைத் தாண்டித்தான் எடெல்மிராவிடம் வரும்.

மே மாதத்தில் ஒருநாள் மதியம், பக்கத்து அறையில் திராட்சைக்குப் புகை போடுகிற கந்தகம் கசிந்தது. கசிந்ததென்று நாசூக்காகச் சொல்கிறார்கள். காற்றாடி கெட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது, மேஸ்திரி தோன் ரெமிஹியோவுக்கு அது தெரியும், கப்பலுக்குப் போகிற கன்டெய்னர் நிரம்பட்டும் என்று அறையைத் திறக்கச் சொல்லிவிட்டான். ஒவிடியாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. இரண்டு தடவை இருமினாள், பிறகு சரிந்தாள். தோன் ரெமிஹியோ வந்து, கை நிற்கக் கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பதினாறு பெண்களின் கையும் நிற்கவில்லை. இரண்டு ஆட்கள் அவளைப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவமனைக்கு அல்ல. கம்பெனி வேனில் கொண்டுபோய் அவள் வீட்டுக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்தார்கள். மாலை வேலை முடிந்து எலிசேயோ வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

ஒவிடியா அன்று இரண்டு மணிக்கே தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கம்பெனி எழுதியது. புகை கசிந்தது மூன்று மணிக்கு. ஆகவே சாவுக்கும் கொட்டகைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். எடெல்மிராவின் தாளில் இருந்தது இரண்டே வரி: நான் திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. அடுத்த சீசனுக்கு வேலை வேண்டுமே என்று அவளும் போட்டாள். அந்தக் கையெழுத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவிடியா சரிந்தபோது அவள் மூக்குக்கண்ணாடி கழன்று பெல்ட்டில் விழுந்தது. திராட்சையோடு திராட்சையாக எடெல்மிராவிடம் வந்தது. அவளுடைய இரண்டு விரல்கள், பத்தொன்பது வருடப் பழக்கத்தில், அதைப் பொறுக்கி எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட்டன. அவள் தலை நிமிரக்கூட இல்லை.

புதைக்கும்போது முகத்தில் கண்ணாடி இல்லாமல் அம்மா வேறு யாரோபோல் இருந்தாள் என்று எலிசேயோ ஊரெல்லாம் அந்தக் கண்ணாடியைத் தேடினான். வேனில் தேடினான், கட்டிலுக்கடியில் தேடினான், கொட்டகை வாசலில் நின்று வருகிற போகிறவர்களைக் கேட்டான். ஞானம்மா, நீ பார்த்தியா என்று எடெல்மிராவையும் கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். அவன் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்த பிறகு, இவள் கையெழுத்துப் போட்ட தாளை அங்கே காட்டினார்கள். அன்றிலிருந்து அவன் எதிரே வந்தாலும் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். எடெல்மிரா ஜூன் மாதம் படுத்தவள் ஆகஸ்ட் வரை எழவில்லை. குளிக்கவில்லை, தலை வாரவில்லை. மனச்சோர்வு என்று சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதி, மாத்திரை கொடுத்து, இந்தக் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் போவதாக இல்லை. நிக்கனோர் தன் ஓட்டை வேனை வாசலில் நிறுத்தி, கை எடுக்காமல் ஹார்ன் அடித்தார். தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. அவள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு திட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு காத்திருக்கு. உங்களுக்கு வேணாம்னா எனக்குத் திருப்பி விடுங்க, என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

ரெனாத்தா உண்மையிலேயே கேட்டாள். எல்லோர் முன்னாலும், சுற்றி வளைக்காமல், புத்தகத்தில் இருந்ததை அப்படியே செய்தேன், நீங்கள் யார் என்று கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றாள். எடெல்மிரா உட்கார்ந்தாள். மன்னிப்பதாகச் சொல்லவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

அதற்காக அவள் கோபம் தணிந்துவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். பாயில் படுத்து, கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை உடம்பைக் கவனிக்கச் சொன்னபோது, அவள் கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணினாள். நிக்கனோர் முழங்காலைத் தாண்டுவதற்குள் குறட்டை விட்டார். மூச்சைக் கவனிக்கச் சொன்னபோது, மூச்சு முட்டிச் செத்தவளின் நினைப்புத்தான் வந்தது. எண்ணங்களை வானத்து மேகம்போல வந்து போக விடுங்கள் என்று ஒருநாள் ரெனாத்தா சொல்ல, எடெல்மிராவால் சும்மா இருக்க முடியவில்லை.

"இங்க மேகமே வர்றதில்ல டாக்டரம்மா. பத்து வருஷமா மழையத் தேடிக்கிட்டு இருக்கோம். வேற ஏதாவது சொல்லுங்க."

சரி, மேகத்தை விட்டுவிடலாம் என்றாள் ரெனாத்தா. அந்தப் பெண்ணிடம் எடெல்மிராவுக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான்.

செப்டம்பர் பதினெட்டுச் சுதந்திரப் பண்டிகை வாரத்தில் கூட்டத்துக்கு ஆளுக்கொன்றைச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். எடெல்மிரா கொண்டுவந்த, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடுகிற எம்பனாதாவில் கறி இருந்தது, வெங்காயம் இருந்தது, முட்டையும் ஒலிவக்காயும் இருந்தன. திராட்சை இல்லை. அது இல்லாத எம்பனாதாவை நாட்டில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். நிக்கனோர் பாதியைத் தின்றுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மீதியையும் தின்றார்.

ஐந்தாவது வாரம் ரெனாத்தா வேறு மாதிரி கேட்டாள். கோபத்தை விரட்ட வேண்டாம், அமைதியாக்கவும் வேண்டாம், அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றாள். ஒருத்தி நெஞ்சில் என்றாள், ஒருத்தி தாடையில் என்றாள். நிக்கனோர் பிரேக் மிதிக்கிற வலது காலில் என்றார். எடெல்மிரா வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்த ரெண்டு விரல்ல."

"அந்த ரெண்டு விரலோட கொஞ்ச நேரம் இருங்க. எழுந்து ஓடணும்போல இருந்தா ஓட வேணாம். நான் இங்கதான் இருக்கேன்."

ஐந்து மாதமாக எடெல்மிரா அந்த நினைவுக்குப் பக்கத்தில் போனதும் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தாள். கண்ணாடி விரலில் படும், தொட்டியில் விழும், அவ்வளவுதான். அங்கே கதவைச் சாத்திவிடுவாள். இன்று சாத்தவில்லை. கண்ணை மூடி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துவைத்து உட்கார்ந்தாள். கண்ணாடியின் கம்பி சில்லென்று இருந்தது. ஒரு பக்கம் காதில் மாட்டும் வளைவில் ஒவிடியா சுற்றிவைத்திருந்த நூல் நெருடியது. தொட்டியில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, ஐந்து மாதமாக அவள் கேட்காமல் ஒதுக்கிவைத்த அடுத்த சத்தமும் கேட்டது: தரம் பார்க்கிற பெண்ணின் குரல். பதினாலு, என்ன அது?

கண்ணாடி, என்று இவளே பதில் சொல்லியிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததும் வரிசையாக வந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்து ரெனாத்தா கைக்குட்டைப் பெட்டியை நீட்டினாள். எடெல்மிரா அதைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு வந்தது அழுகையில்லை. இத்தனை நாள் தன் மேலேயே கொட்டிக்கொண்டிருந்த கொதிப்பு, யார் மேல் கொட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் அன்றுதான் திரும்பியது. கண்ணாடியைத் தொட்டியில் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கூட்டத்தில் சொன்னாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. கடைசியில் நிக்கனோர்தான் பேசினார்.

"எங்ககிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம். சொல்ல வேண்டிய எடம், தொழிலாளர் ஆபீஸ், சான் பெலிப்பேல இருக்கு. நான் வண்டி எடுக்கிறேன்."

எலிசேயோவின் புகாரை முடித்து மூடுவதற்கான விசாரணை நவம்பர் கடைசிச் செவ்வாய்க்கு வைக்கப்பட்டிருந்தது. எடெல்மிரா மறுபடி வாக்குமூலம் கொடுக்கப் பெயர் பதிந்தாள். செய்தி எப்படிப் போனதோ, நாலாம் நாள் தோன் ரெமிஹியோ ஒரு பெட்டி செர்ரிப் பழத்தோடு வாசலில் நின்றான். சீசன் தொடங்குகிறது, பதினாலாம் நம்பர் இடம் காலியாகத்தான் இருக்கிறது, உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால் போதும் என்றான். போகிற போக்கில், மூளை சரியில்லாதவர்களின் பேச்சை அலுவலகத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வீணாக அவமானப்பட வேண்டாம் என்றும் சொன்னான். எடெல்மிரா செர்ரிகளைக் கோழிகளுக்குக் கொட்டினாள். காலிப் பெட்டியை அவன் லாரியின் பின்னால் எறிந்தாள்.

விசாரணையன்று எட்டாவது கூட்டம், கடைசிக் கூட்டம். ரெனாத்தா அதை வாரக்கணக்கில் அன்றுவரை தள்ளிவைத்து, தொழிலாளர் அலுவலகத்தின் நடைபாதை பெஞ்சுக்கு மாற்றிவிட்டாள். ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார்கள். அந்தப் பக்கம் போன குமாஸ்தா ஒருவர், ஏதோ உண்ணாவிரதம் என்று நினைத்து மேலதிகாரியிடம் சொல்லப் போனார். நிக்கனோர் தூங்கவில்லை. எலிசேயோ எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். யாரையும் பார்க்கவில்லை.

உள்ளே, மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண் அதிகாரி. கம்பெனி வக்கீல் நறுவிசான ஆள். குரலை உயர்த்தவே இல்லை. சாட்சி ஏற்கெனவே எதையும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டவர் என்றான். இப்போது மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர், மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவர், அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது இந்த நினைவு வந்ததாக அவரே சொல்கிறார், நான் அவருக்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன் என்றான்.

அந்த வருத்தத்தைக் கேட்டதும் எடெல்மிராவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பழைய எடெல்மிராவாக இருந்தால் கத்தியிருப்பாள், இல்லையென்றால் எழுந்து போயிருப்பாள். இரண்டு விரல்களையும் சேர்த்து அழுத்திக்கொண்டாள். கோபம் அங்கேதான் இருந்தது. இருக்கட்டும் என்று அதையும் கூட்டிக்கொண்டு பேசினாள்.

முதல் தாளில் இருப்பதும் உண்மைதான், நான் திராட்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அந்தத் திராட்சையில் ஒவிடியாவின் மூக்குக்கண்ணாடி வந்ததைச் சொன்னாள், தன் கையால் அதைக் கழிவில் போட்டதைச் சொன்னாள். உள்ளேயும் சுவரோரமாகவே நின்றிருந்த எலிசேயோவின் தலை நிமிர்ந்தது. அவள் நிறுத்தவில்லை.

"என் மூளைய நம்ப வேணாம்மா. அவங்க நோட்டைக் கொண்டாரச் சொல்லுங்க. பெல்ட்ல ஆணி, கல், கண்ணாடி எது வந்தாலும் தரம் பாக்கிற பொண்ணு மணி போட்டு எழுதணும். சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரன் வந்து அந்த நோட்டைத்தான் மொதல்ல கேப்பான். அதனால அதுல ஒரு தாளக்கூட கிழிக்க மாட்டாங்க. ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போனவ கண்ணாடி எத்தனை மணிக்கு பெல்ட்ல வந்துச்சுன்னு பாருங்க."

வக்கீல் குனிந்து பைக்குள் எதையோ தேடினான். அதிகாரி நோட்டு வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டு, இரண்டு மணி நேரம் எல்லோரையும் வெளியே காக்க வைத்தார். நோட்டு வந்தது. பச்சை அட்டை, கெட்டிப் பைண்டு. அதிகாரி மே மாதத்தைப் புரட்டி, விரலை வைத்து, சத்தமாகப் படித்தார். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். மூக்குக்கண்ணாடி, ஒன்று. எடுத்தவர் எண் பதினாலு. முன்னும் பின்னும் இரண்டு மீட்டர் திராட்சை கொட்டப்பட்டது. பெல்ட் நிறுத்தம், நான்கு நிமிடம்.

எடெல்மிராதான் பேசினாள். குரல் உயரவில்லை, ஆனால் நடைபாதை வரை கேட்டது.

"கண்ணாடி வந்தா பெல்ட்ட நிறுத்தணும். அது சட்டம். நிறுத்தினாங்க. நாங்க பதினாறு பேரும் கையத் தூக்கிக்கிட்டு நாலு நிமிஷம் சும்மா நின்னோம். பின்வாசல்ல அவ மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தா. அவளுக்காக ஒரு நிமிஷம் நிறுத்தல."

புகாரை மூடப்போவதில்லை, வழக்கு மேலே போகும் என்று அதிகாரி எழுதினார். வக்கீல் நோட்டின் நகல் வேண்டும் என்றான். உங்கள் நோட்டுதானே, உங்களிடமே இருக்கும் என்றார் அவர்.

வெளியே நடைபாதையில் ரெனாத்தாவும் மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். எடெல்மிரா அவர்களைத் தாண்டி நடந்து எலிசேயோவுக்கு முன்னால் போய் நின்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. அது நன்றியால் அல்ல.

"வேன்ல தேடினேன். கட்டிலுக்கடியில தேடினேன். உன்கிட்டயே வந்து கேட்டேன் ஞானம்மா. நீ தலையாட்டின."

"ஆமா" என்றாள் எடெல்மிரா.

"அம்மாவ கண்ணாடி இல்லாம பொதைச்சேன்."

"ஆமா. என் கையாலதான் போட்டேன்."

அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னான். நியாயமானதும் இருந்தது, இல்லாததும் இருந்தது. நிக்கனோர் நடுவே வரப் பார்க்க, ரெனாத்தா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். எடெல்மிரா எதற்கும் காரணம் சொல்லவில்லை, கண்ணை எடுக்கவில்லை, ஓட வேண்டும்போல் இருந்தும் ஓடவில்லை. அவன் கத்தி முடிக்கும்வரை அங்கேயே நின்று, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.